கரன்ட் போன வீட்டில் ஒரு காட்சி: ஒலியும் ஒளியும் கேமராவும் சேர்ந்து உணர்ச்சியைக் கட்டும் முறை

இரவு பதினொரு மணி. மகன் வேலை முடிந்து வீடு திரும்புகிறான். தூங்காமல் காத்திருந்த அப்பா சோறு போடுகிறார். சின்னச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு மகனுக்கு வேலை போய்விட்டது. சொல்ல வாய் வரவில்லை. கரன்ட் போகிறது. அப்பா மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். அரை இருட்டில் மகன் சொல்லிவிடுகிறான். அப்பா பதில் பேசாமல், மெழுகுவர்த்தியை அவன் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

மூன்று நிமிடக் காட்சி. நடிகர்கள் இரண்டு பேர், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. குறும்படம் எடுப்பவர்கள் யாரும் ஒரே இரவில் எடுத்துவிடலாம். இந்த ஒரு காட்சியை வைத்தே ஒலி, ஒளி, ஷாட் மூன்றையும் பார்ப்போம். நீலம் என்றால் சோகம், லோ ஆங்கிள் என்றால் அதிகாரம் என்று மனப்பாடம் செய்தவர்கள் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். காட்சியின் தொடக்கத்தில் இருந்த ஒன்று நடுவில் மாறும்போதுதான் பார்ப்பவருக்கு உள்ளே ஏதோ அசைகிறது. எதை மாற்றப்போகிறோம், எந்த நொடியில் மாற்றப்போகிறோம் என்பதைத் தீர்மானிப்பதே முதல் வேலை.

தாளில் எழுத வேண்டியது

மூன்று கேள்விகள். காட்சி யார் பக்கம் நிற்கிறது? பார்வையாளருக்கு என்ன முன்பே தெரியும்? காட்சி எந்த நொடியில் திரும்புகிறது?

நம் காட்சி மகன் பக்கம் நிற்கிறது. வேலை போனது பார்வையாளருக்கு முன்பே தெரியும். மூன்றாவது கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்கள். கரன்ட் போகும் நொடி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதால் அதையே திருப்பம் என்று நினைத்து, அங்கேயே கேமராவை அசைத்து, இசையை ஏற்றி, கையில் இருப்பதையெல்லாம் செலவு செய்துவிடுவார்கள். கரன்ட் போவது மகனுக்குப் பேச ஒரு வாய்ப்பைத் தருகிறது, அவ்வளவுதான். அப்பா மெழுகுவர்த்தியை நகர்த்தும் நொடிதான் திருப்பம். மிகப் பெரிய மாற்றத்தை அங்கே வைக்க வேண்டும். அதுவரை கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

நேரக் கணக்கு ஏறக்குறைய இப்படி: சாப்பாடு 80 நொடி, கரன்ட் போய் மெழுகுவர்த்தி ஏற்றும் வரை 20, மகன் பேசுவது 60, மெழுகுவர்த்தி நகர்வதும் அதற்குப் பிறகும் 20.

கேமரா: முதலில் எட்டி நில்லுங்கள்

முதல் பகுதியை ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸால், முகத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி எடுங்கள். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமரா என்றால் 50 அல்லது 56 மி.மீ. போதும். அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து மகனைப் பார்க்கும் சஜஷன் ஷாட்டில், இந்த லென்ஸ் தோளைப் பெரிய கறுப்புச் சுவர்போல மகன் முன்னால் நிறுத்தும். மகன் பார்க்கும் திசையில் ஃபிரேமில் இடம் விடாதீர்கள். வழக்கமாக முகத்துக்கு முன்னால் விடும் காலியிடத்தை முதுகுக்குப் பின்னால் விடுங்கள். அவனுக்குப் போக வழியில்லை என்பது வசனம் இல்லாமலே தெரியும்.

அப்பாவின் முகத்தை இந்தப் பகுதியில் முழுதாகக் காட்ட வேண்டாம். பக்கவாட்டில், குனிந்து, பரிமாறும் கையோடு காட்டினால் போதும். நேர்முகத்தைப் பின்னால் தர வேண்டியிருக்கிறது.

கரன்ட் போகும்போது கேமரா அசையக்கூடாது. ஒளியும் ஒலியும் ஒரே அடியில் மாறுகின்றன. கேமராவும் சேர்ந்து நகர்ந்தால் மூன்றில் எதுவும் மனதில் பதியாது. 35 மி.மீ. லென்ஸில் இருவரும் தெரியும் வைட் ஷாட், கதவு நிலைக்கு வெளியே டிரைபாடில் நிற்கட்டும்.

மகன் பேசத் தொடங்கும்போது லென்ஸை 50 மி.மீ.-க்கு மாற்றி, கேமராவை 1.5 மீட்டருக்குக் கொண்டு வாருங்கள். எட்ட நின்று லென்ஸால் பெரிதாக்கிப் பார்ப்பது வேறு. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பது வேறு. முகத்தின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், பின்னணிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி வேறாகத் தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, நெருங்கிவிட்டோம் என்பது மட்டும் தெரியும்.

இந்த ஷாட்டில்தான் காட்சியின் ஒரே கேமரா அசைவு. ஸ்லைடரில் (கேமராவை நகர்த்தும் சின்னத் தண்டவாளம்) 1.5 மீட்டரிலிருந்து 1.1 மீட்டர் வரை, அதாவது 40 செ.மீ. தூரத்தை 25 நொடியில் கடக்க வேண்டும். மகன் முதல் வாக்கியத்தை முடித்த பிறகு தொடங்கி, கடைசி வாக்கியத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். பேச்சு முடியும்போது அசைவும் முடிந்தால் செய்தது வெளியே தெரிந்துவிடும். எடிட்டிங்கில் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதில் படம் பெரிதாகுமே தவிர, பின்னணி விலகாது, நெருக்கமும் வராது. ஸ்லைடரின் சக்கரச் சத்தம் நிசப்தமான காட்சியில் நன்றாகக் கேட்கும். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டு ஒரு முறை ஓட்டி, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

உயரத்தையும் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 115 முதல் 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். கேமராமேன் நின்றபடி எடுத்தால் தெரியாமலே ஹை ஆங்கிள் ஆகிவிடும். இருவரும் பரிதாபத்துக்குரியவர்களாகத் தெரிவார்கள். இந்தக் காட்சிக்கு அது கேடு.

லுக், அதாவது நடிகர் பார்க்கும் திசை பற்றி ஒரு வார்த்தை. முதல் பகுதியில் மகனின் பார்வை லென்ஸிலிருந்து நன்றாக விலகி, தட்டிலோ சுவரிலோ இருக்கட்டும். பேசும் பகுதியில் அப்பாவாக நடிப்பவரை லென்ஸை ஒட்டி உட்கார வையுங்கள். பார்வை லென்ஸுக்கு அருகில் வர வர, சொல்வது நம்மிடம் என்று தோன்றும். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் காட்சி முழுக்கக் கேமரா தாண்டக்கூடாது. இருட்டில் தாண்டினால், யார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதே குழம்பிவிடும்.

டியூப் லைட் பகுதி

நம் வீடுகளில் டியூப் லைட் சுவரின் மேல்பக்கம் இருக்கும். வெள்ளைச் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கும். அப்படியே எடுத்தால் முகம் தட்டையாக இருக்கும். இந்தப் பகுதிக்கு அந்தத் தட்டைத்தன்மை கொஞ்சம் வேண்டும்தான். எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்று காட்டும். ஆனால் முழுவதும் தட்டையாகிவிட்டால் மெழுகுவர்த்தி வரும்போது மாற்றம் செயற்கையாகத் தெரியும். முகத்தின் இரண்டு பக்கமும் 2:1 விகிதத்தில், அதாவது ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது) வித்தியாசத்தில் இருந்தால் சரி. மகனின் இருட்டுப் பக்கம் அரை மீட்டர் தள்ளிக் கறுப்புத் துணி தொங்கவிட்டால், சுவரிலிருந்து திரும்பி வரும் ஒளி நின்றுவிடும். சிறிய அறையில் ஒளியைக் கூட்டுவதைவிடக் குறைப்பதற்குத்தான் அதிகம் பாடுபட வேண்டும். கறுப்புத் துணி பத்து மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் லைட்டின் ஒளி நிறம் 6500 கெல்வின் (எண் கூடினால் ஒளி நீலம், குறைந்தால் மஞ்சள்). எந்த ஒளியை வெள்ளையாகக் காட்ட வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை 5000-ல் வைத்தால் லேசாக நீலம் தட்டும். சமையலறைக்குள் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்று எரியட்டும்; அப்பா அந்தப் பக்கம் உட்காரட்டும். இந்த மஞ்சளுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. இதே மஞ்சள் பிறகு மெழுகுவர்த்தியாக மகனிடம் வரும்போது பொருள் தானாகக் கிடைக்கும்.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 24 ஆனாலும் 25 ஃபிரேம் ஆனாலும் ஷட்டர் 1/50 நொடி இருக்கட்டும். 1/60 வைத்தால் திரையில் பட்டை ஓடலாம். மலிவான எல்இடி பல்பை டிம்மரில் போட்டால் 1/50-லும் துடிக்கலாம். முதல் நாளே ஐந்து நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

மெழுகுவர்த்தி

காட்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கணக்கும் இங்கேதான் அதிகம்.

ஒளியிலிருந்து தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப். சாதாரண மெழுகுவர்த்தி ஒன்று 70 செ.மீ. தூரத்தில் சுமார் 2 லக்ஸ் தரும், 35 செ.மீ. தூரத்தில் 8 லக்ஸ். முகங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வையுங்கள். அப்பா ஏற்றும்போது மெழுகுவர்த்தி மகன் முகத்திலிருந்து 70 செ.மீ., அப்பாவிடமிருந்து 35 செ.மீ. இருக்கட்டும். நகர்த்திய பிறகு அளவுகள் இடம் மாறிவிடும். மகன் முகம் இரண்டு ஸ்டாப் ஏறும், அப்பா முகம் இரண்டு ஸ்டாப் இறங்கும். தன் வெளிச்சத்தை அப்பா மகனுக்குத் தந்துவிட்டு இருட்டில் உட்கார்கிறார். வசனம் எழுத வேண்டியதில்லை.

லென்ஸின் திறப்பு எஃப்/2, ஷட்டர் 1/50, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 3200 வைத்தால், 35 செ.மீ. தூரத்தில் முகம் சரியான அளவைவிட ஒரு ஸ்டாப் குறைவாக விழும். இரவுக் காட்சிக்கு இது பொருத்தம். 70 செ.மீ. தூரத்தில் மூன்று ஸ்டாப் குறைவு. கண்ணும் மூக்கும் மங்கலாகத் தெரியும். அது போதவில்லை என்றால் இரண்டு மெழுகுவர்த்திகளை ஒட்டிக் கட்டுங்கள், ஒரு ஸ்டாப் கூடும்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள்:

மெழுகுவர்த்தியை மேசையில் நேராக நட்டால் ஒளி தாடைக்குக் கீழிருந்து அடிக்கும். அப்பாவும் மகனும் பேய்ப்படத்துக்கு வந்தவர்கள்போல இருப்பார்கள். கவிழ்த்த எவர்சில்வர் டப்பா மேல், 15 செ.மீ. உயரத்தில் வைத்தால் சுடர் வாய்க்கும் கண்ணுக்கும் அருகே வந்துவிடும். அப்பா நகர்த்துவதும் அந்த டப்பாவைத்தான்.

எஃப்/2-ல் 50 மி.மீ. லென்ஸ் 1.3 மீட்டரில் ஏறக்குறைய 8 செ.மீ. ஆழத்துக்கு ஃபோகஸ் தரும். அதே இடத்தில் 85 மி.மீ. என்றால் 3 செ.மீ.-க்கும் குறைவு, நடிகர் மூச்சு விட்டாலே கண் மங்கும். இருட்டில் 85-ஐத் தொடாதீர்கள். ஸ்லைடர் நகரும்போது ஃபோகஸ் மாற்ற தனியாக ஒருவர் வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் சுடரைத் தேடி ஓடிவிடும்.

மறைத்து வைத்த எல்இடி-யால் மெழுகுவர்த்தியை ஈடுகட்டினால், டப்பா நகரும்போது ஒளி நகராது, பொய் பிடிபட்டுவிடும். செயற்கை ஒளி கட்டாயம் வேண்டும் என்றால், பேட்டரியில் எரியும் சின்ன மஞ்சள் எல்இடி-யை டப்பாவின் பின்பக்கம் ஒட்டுங்கள். கூடவே நகரும்.

ஒரே அளவு மெழுகுவர்த்தி ஒரு டஜன் வாங்கி, டேக்குக்கு டேக் உயரத்தை அளந்து வெட்டுங்கள். திரைச்சீலையைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

கரன்ட் போகும் நொடியில் என்ன செய்வது? திரையைக் கன்னங்கரேலென்று ஆக்காதீர்கள். இரண்டு நொடி கிட்டத்தட்ட கறுப்பு, பிறகு ஜன்னல் வழியே நிலா ஒளி நான்கு நொடியில் மெல்ல ஏறட்டும். நம் கண் இருட்டுக்குப் பழகுவது அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே டிம்மரில் ஒரு எல்இடி பேனலை வைத்து, ஒருவர் கையால் ஏற்றினால் போதும். அந்த ஒளி மகனின் காதோரத்திலும் தோளிலும் கோடாக விழுந்தால், மெழுகுவர்த்தி மங்கலாக இருக்கும்போதும் உருவம் சுவரிலிருந்து பிரிந்து தெரியும்.

அப்பாவின் கண்ணில் சின்ன ஒளிப்புள்ளி வேண்டும். மெழுகுவர்த்தி விலகிய பிறகும் அது அணையக்கூடாது. லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு அடி தெர்மாகோல் பிடித்தால் சுடர் அதில் பட்டுக் கண்ணில் தெரியும். இது இல்லாவிட்டால் அப்பா மகனைக் கைவிட்டதுபோல ஆகிவிடும்.

ஒலி: ஃபேன்தான் பின்னணி இசை

முதல் பகுதி முழுக்க சீலிங் ஃபேன் ஓடும் சத்தம் இருக்க வேண்டும். ஆனால் படமெடுக்கும்போது ஃபேன் நிற்க வேண்டும். ஓடினால் வசனத்தோடு ஒட்டிக்கொண்டு பிரியாது. எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் சத்தம் குதிக்கும். ஃபிரேமில் காலண்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபேன் சத்தம் கேட்கும்போது தாள் அசையாமல் நின்றால் கண் கண்டுபிடித்துவிடும். ஃபிரிட்ஜையும் அணையுங்கள். மறக்காமல் திரும்பப் போட ஒரு வழி: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது.

படப்பிடிப்பு முடிந்ததும் ஃபேனைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவது, பிறகு ஸ்விட்சை அணைத்ததிலிருந்து இறக்கை முழுதாக நிற்கும் வரை. மைக்கைக் காற்று படாத மூலையில் வையுங்கள். அதன்பின் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் நிசப்தத்தை ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்தவர்கள் மிக்ஸிங்கில் படும் பாடு பெரிது.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் இருக்கட்டும். முதல் பகுதியில் பூம் மைக்கை (நீண்ட கம்பில் கட்டிய மைக்) தலைக்கு மேல் 80, 90 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், அறையின் எதிரொலி கொஞ்சம் சேரட்டும். மகன் பேசும் பகுதியில் 30 செ.மீ.-க்குக் கொண்டு வாருங்கள், உதடு பிரியும் சத்தமும் எச்சில் விழுங்குவதும் கேட்கும். கேமரா நெருங்கியதுபோலக் காதும் நெருங்கும். குரல் தாழ்ந்துவிட்டதே என்று கெயினை ஏற்றினால் அறையின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். மைக்கை நகர்த்துவதுதான் வழி. இரண்டு தூரத்தின் இரைச்சலும் வேறுபடும் என்பதால் வெட்டு விழும் இடத்துக்கு அடியில் அந்த நிசப்தப் பதிவை ஓட விடுங்கள். இதையெல்லாம் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: குரல் வரும், மூச்சு வராது.

மிக்ஸிங்கில் ஃபேனை வசனத்தைவிட 20 டெசிபல் கீழே தொடங்கி, கரன்ட் போவதற்கு முந்தைய 40 நொடியில் 4 டெசிபல் ஏற்றுங்கள். இவ்வளவு மெதுவாக ஏறுவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் நெஞ்சு இறுகும். கரண்டி பாத்திரத்தில் இடிப்பது, டம்ளரை மேசையில் வைப்பது போன்ற எவர்சில்வர் சத்தங்களைக் கொஞ்சம் கூர்மையாக வையுங்கள். 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிக்கு நம் காது மிகவும் கூர்மையானது. அங்கே 3 டெசிபல் கூட்டினாலே ஒவ்வொரு சத்தமும் குத்தும்.

கரன்ட் போனதும் ஃபேன் தளர்ந்து நிற்பது நிஜத்தில் நீளமாக இழுக்கும். காட்சியில் அதைப் பத்து நொடிக்குச் சுருக்குங்கள். ஃபேன் அடங்க அடங்க, அதுவரை அது மூடி வைத்திருந்த ஒலிகள் ஒவ்வொன்றாக வெளியே வரட்டும்: தூரத்தில் நாய், பக்கத்து வீட்டில் யாரோ தீப்பெட்டி கேட்பது, சில்வண்டு. முழு நிசப்தம் என்று டிராக்கைக் காலியாக விட்டால் தியேட்டரில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள். மகன் பேசத் தொடங்கியதும் வெளி ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். கடைசியில் அவன் குரல் மட்டும் மிஞ்ச வேண்டும்.

டப்பா மேசையில் உரசி நகரும் கரகர சத்தம் இருக்கிறதே, அதைத் தனியாக நாலைந்து விதமாகப் பதிவு செய்யுங்கள். திருப்பத்தின் ஒலி அது. அதற்கு முன் மூன்று நொடியாவது அறையின் நிசப்தப் பதிவைத் தவிர எதுவும் கேட்கக்கூடாது.

இசை வேண்டும் என்றால் உரசல் நின்று இரண்டு நொடி கழித்து, ஒரே வாத்தியத்தில், தாழ்ந்த சுரத்தில். புல்லாங்குழல், வயலின் இரண்டின் மேல் சுரங்களும் காது கூர்மையாக இருக்கும் இடத்திலேயே ஒலிப்பதால் மூச்சையும் விசும்பலையும் மறைத்துவிடும். மகன் பேசும்போதே ஆர்ஆர் (பின்னணி இசை) தொடங்கினால், அழச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். என்னைக் கேட்டால் இந்தக் காட்சிக்கு இசையே தேவையில்லை.

எடிட்டிங்கில்

முதல் பகுதியில் ஷாட்டுகள் மூன்று, நான்கு நொடிக்கு ஒன்று மாறலாம். பேசும் பகுதியை முடிந்தவரை வெட்டாதீர்கள். ஒரே ஒரு வெட்டு: வேலை போய்விட்டது என்ற சொல் வரும்போது திரையில் அப்பாவின் முகம் இருக்க வேண்டும், மகனின் குரல் மட்டும் கேட்க வேண்டும். அப்பாவின் நேர்முகத்தை நாம் பார்ப்பது அப்போதுதான் முதல்முறை. அவர் எதையும் நடித்துக் காட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். ஒரே முகத்தை வேறு வேறு ஷாட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர்களே வேறு வேறு உணர்ச்சியை அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள் என்று ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துச் சொன்னார். அப்பா புருவத்தைச் சுருக்கினால் பார்வையாளர் ஏற்றிப் பார்க்க இடமில்லாமல் போகும்.

முடித்ததும் ஒரு முறை ஒலியை அணைத்துப் பாருங்கள், திருப்பம் புரிகிறதா? இன்னொரு முறை திரையை மறைத்துக் கேளுங்கள். பிறகு, பெரும்பாலானவர்கள் பார்க்கப்போவதுபோல, ஃபோனில் பாதி வெளிச்சத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல் ஓட்டுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வராது. ஃபேனின் உறுமல் காணாமல் போனால் அதன் டக் டக் துடிப்பைக் கொஞ்சம் தூக்குங்கள். மெழுகுவர்த்தி நகர்வதற்கு முன் மகனின் முகம் திரையில் வெறும் கறுப்பாக இருந்தால் டி.ஐ.-யில் (நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தும் கட்டம்) அந்த இடத்தை மட்டும் அரை ஸ்டாப் ஏற்றுங்கள். நகர்ந்த பிறகுள்ள பகுதியை அதோடு சேர்த்து ஏற்றிவிடாதீர்கள்.